பெருநகரத்தில் கண்காட்சியும் கச்சேரியும்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ பெரிய நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களில் பலர், அங்குள்ள அருங்காட்சியகத்தையும் நாடக அரங்கத்தையும் வெளியூரிலிருந்து யாராவது விருந்தாளி வந்தால்தான் எட்டிப்பார்க்கிறார்கள். போகிற அன்றைக்கும் சுற்றுலா வந்தவர் மாதிரியே போகிறார்கள். ஒரே நாளில் எல்லா மாடியும் எல்லா அறையும், கால் கடுக்க நடை, கைபேசி நிறையப் படங்கள். வீடு திரும்பினால் எதுவும் மனதில் தங்கியிருக்காது. 'இதெல்லாம் நமக்கு ஒத்துவராது' என்று அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

அந்த ஊரிலேயே குடியிருப்பவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதை அவர்கள் பயன்படுத்தவே இல்லை. சுற்றுலா வந்தவர் நாளைக் காலையில் கிளம்பியாக வேண்டும். நீங்கள் அடுத்த வாரமும் வரலாம். மழைக்கு ஒதுங்க அரை மணி நேரம்கூட உள்ளே போய்விட்டு வரலாம். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. கொஞ்சமாகப் பாருங்கள், பிடித்ததிடம் திரும்பிப் போங்கள். கீழே சொல்லும் எல்லாமே இதை ஒட்டித்தான்.

எங்கே, எப்போது

முதல் வேலை, உங்கள் நகரத்தில் என்னென்ன இடங்கள் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் போடுவது. பெரிய அருங்காட்சியகங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றோடு தனியார் கேலரிகள், கலைக் கல்லூரிகள், வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்கள், இசைப் பள்ளிகள், சின்ன நாடகக் குழுக்களின் அரங்குகள் ஆகியவற்றையும் சேருங்கள். கலைக் கல்லூரிகளில் படிப்பு முடியும் பருவத்தில் மாணவர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பார்கள். இசைப் பள்ளி மாணவர்கள் வாசிக்கும் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது. வாசிப்பின் தரமோ பல நேரம் நம்மை அசர வைக்கும்.

பெரிய அருங்காட்சியகங்களில் இரண்டு வகைக் காட்சிகள் உண்டு. ஒன்று, எப்போதும் இருக்கும் நிரந்தரத் தொகுப்பு. இன்னொன்று, சில மாதங்களுக்கு மட்டும் நடக்கும் சிறப்புக் கண்காட்சி. லண்டனின் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன் போன்ற இடங்களில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை, பெரிய சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். மாட்ரிட்டின் பிராடோவில் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் இலவசம். உங்கள் நகரத்திலும் இப்படி ஏதாவது ஒரு சலுகை இருக்கலாம், தேடிப் பாருங்கள். குடியிருப்பவருக்கு இரண்டு மணி நேரமே அதிகம்.

வார விடுமுறையைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, பாரிஸின் லூவருக்குச் செவ்வாய்க்கிழமை. மூடும் நேரத்துக்கு அரை மணி, ஒரு மணி முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடும் இடங்களும் நிறைய. கூட்டம் பிடிக்காதென்றால் வேலைநாள் காலையில் திறந்தவுடனேயோ, இரவு வரை திறந்திருக்கும் நாளின் மாலையிலோ போங்கள். சிறப்புக் கண்காட்சியின் கடைசி வாரத்தில் போகவே கூடாது என்பேன். அதுவரை தள்ளிப்போட்ட அத்தனை பேரும் அந்த வாரத்தில்தான் வருவார்கள்.

தனியார் கேலரி விஷயத்தில் புதியவர்களுக்குத் தயக்கம் அதிகம். கண்ணாடிக் கதவு, வெள்ளைச் சுவர், உள்ளே மேசைக்குப் பின்னால் ஒருவர், வேறு ஆளே இருக்க மாட்டார். வாங்குகிறவர்கள்தான் போக வேண்டுமோ என்று தோன்றும். அப்படி இல்லை. கதவு திறந்திருந்தால் யாரும் போகலாம், டிக்கெட்டும் கிடையாது. உள்ளே இருப்பவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு நிதானமாகப் பாருங்கள். படைப்புக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் அது விற்றுவிட்டது என்று அர்த்தம். சுவரில் பெயர் விவரம் ஒட்டாத இடங்களில் மேசைமேல் ஒரு தாள் வைத்திருப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கூட்டமில்லாத நாளில் 'இதை எப்படிச் செய்தார்?' என்று கேட்டால் ஆர்வமாக விளக்குவார்கள். கண்காட்சி தொடங்கும் நாள் மாலையில் போனால் அந்தக் கலைஞரையே சந்திக்க வாய்ப்புண்டு, ஆனால் கூட்டத்தில் படைப்பைப் பார்க்க முடியாது. அதற்கு இன்னொரு நாள் போக வேண்டும்.

கண்காட்சியில் ஒரு மணி நேரம்

பெரிய பையை வாசலில் ஒப்படைத்துவிடுங்கள். முதுகுப் பை திரும்பும்போது எதையாவது இடித்துவிடும் என்பதால் பல இடங்களில் அனுமதிப்பதே இல்லை. வரைபடத்தை எடுத்து ஐந்தாறு அறைகள் கொண்ட ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். எந்தப் பகுதி என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், மற்றவை எங்கும் ஓடிவிடாது.

அந்த அறைகளை எதையும் படிக்காமல், எங்கும் நிற்காமல் ஒருமுறை நடந்து முடியுங்கள். பத்து நிமிடம் ஆகலாம். எது உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது என்று மட்டும் கவனியுங்கள். 'இதைப் போய் ஏன் மாட்டியிருக்கிறார்கள்' என்ற எரிச்சலில் திரும்பிப் பார்த்திருந்தாலும் சரிதான். அப்புறம் அவற்றில் இரண்டு மூன்றிடம் மட்டும் போய், ஒவ்வொன்றின் முன்னாலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பெஞ்ச் இருந்தால் உட்காருங்கள்.

ஐந்து நிமிடம் முதலில் நீளமாகத்தான் தெரியும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து எழுதிய ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னால்கூட ஒருவர் நின்றது சராசரியாக 27 வினாடி. பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். அவ்வளவு நேரத்தில் இது என்ன படம் என்று தெரிந்துகொள்ளலாம், படத்தைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு ஓவியத்தைச் சொல்கிறேன். லண்டன் நேஷனல் கேலரியில் ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதர்கள்' இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், அதே அளவு அகலம். ஆடம்பரமாக உடுத்திய இருவர், நடுவில் இரண்டு தட்டு கொண்ட மேசை. மேல்தட்டில் வானியல் கருவிகள், கீழ்த்தட்டில் ஓர் உலக உருண்டை, ஒரு பாட்டுப் புத்தகம், லூட் என்ற நரம்பு வாத்தியம். அரை நிமிடத்தில் இவ்வளவும் கண்ணில் பட்டுவிடும். இன்னும் கொஞ்சம் நின்றால் அந்த லூட்டில் ஒரு நரம்பு அறுந்திருப்பது தெரியும். மேலே இடது மூலையில், பச்சைத் திரைக்குப் பின்னால் பாதி மறைந்த சிலுவை தெரியும். இருவரின் காலடியில், தரைக்குக் குறுக்கே சாம்பல் நிறத்தில் நீளமாக ஏதோ ஒன்று கிடக்கும். நேராக நிற்கும்வரை அது என்னவென்று சொல்ல முடியாது. ஓவியத்தின் வலது ஓரத்துக்கு நகர்ந்து, சுவரை ஒட்டினாற்போல நின்று திரும்பிப் பாருங்கள். அந்தக் கறை கூடிச் சேர்ந்து ஒரு மண்டையோடு ஆகிவிடும். அதே நேரம் அந்த இரண்டு பெரிய மனிதர்களும் அவர்களுடைய கருவிகளும் நசுங்கி உருத் தெரியாமல் போய்விடுவார்கள். பார்ப்பவர் காலை நகர்த்துவார் என்று நம்பி வரைந்த படம் அது.

எல்லா ஓவியத்திலும் இப்படி ஒரு வித்தை ஒளிந்திருக்காது. ஆனாலும் எதையும் மூன்று தூரத்திலிருந்து பார்க்கும் பழக்கம் நல்லது. அறையின் மறுபக்கத்திலிருந்து ஒருமுறை, சாதாரணமாக நிற்கும் இடத்திலிருந்து ஒருமுறை, தரையில் போட்டிருக்கும் எல்லைக்கோடு அனுமதிக்கும் அளவு நெருங்கி ஒருமுறை. சிகாகோவில் இருக்கும் ஜார்ஜ் சொராவின் பெரிய ஆற்றங்கரை ஓவியம் (1884-86) பக்கத்தில் போனால் புள்ளி புள்ளியாகச் சிதறும், தள்ளி வந்தால் வெயிலாகவும் நிழலாகவும் கூடும். மார்க் ரோத்கோ தம்முடைய பெரிய வண்ணப் பரப்புகளை மக்கள் நெருங்கி நின்று பார்க்க வேண்டும் என்று விரும்பினார். சிற்பமாக இருந்தால் முழுச் சுற்று வந்துவிடுங்கள். பின்பக்கத்தைப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம்.

நேரில் போவதற்கு இன்னொரு காரணம் அளவு. மோனலிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம்தான். பிக்காசோவின் 'குவெர்னிகா' ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். கைபேசித் திரையில் இரண்டும் ஒரே அளவு. நேரில் முதலாவதற்கு முன்னால் கழுத்தை நீட்டுவோம், இரண்டாவதற்கு முன்னால் பின்வாங்குவோம்.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்பை இதற்கெல்லாம் பிறகு படியுங்கள். அதில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு, எதைக் கொண்டு எதன்மேல் செய்தது, அளவு, யார் கொடுத்தது ஆகியவை இருக்கும். அளவில் பெரும்பாலும் உயரத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். 'எதைக் கொண்டு' என்ற வரியைத் தவறவிடாதீர்கள். கேன்வாஸில் எண்ணெய் வண்ணமா, தாளில் நீர்வண்ணமா, மரப்பலகையில் முட்டைக்கரு கலந்த வண்ணமா என்று தெரிந்துகொண்டு மறுபடி நிமிர்ந்து பார்த்தால் பரப்பே வேறு மாதிரி தெரியும். காகிதமும் துணியும் இருக்கும் அறைகளில் வெளிச்சம் குறைவாக இருப்பதும் இதனால்தான். ஒளி பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால் அங்கே 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் விளக்கை அடக்கி வைப்பார்கள். உள்ளே போய் இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும். ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பது எங்குமே வேண்டாம்.

காதில் மாட்டிக் கேட்கும் ஒலிவழிகாட்டியை முதல் முறை தொடாதீர்கள். அது எங்கே பார்க்கச் சொல்கிறதோ அங்கேதான் கண் போகும். இரண்டாம் முறை வரும்போது எடுத்துக்கொண்டால், நீங்களே கண்டதையும் அது சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்றைய கலை என்று வந்தால் 'இதற்கு என்ன அர்த்தம்' என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். இது எதனால் ஆனது, எவ்வளவு பெரிது, செய்ய எவ்வளவு நேரம் பிடித்திருக்கும், என் உடம்பை எங்கே நிற்க வைக்கிறது, வேறு இடத்தில் வைத்தால் என்ன மாறும்? இவற்றுக்கு யாரும் பதில் சொல்லிவிடலாம். பதில் சேரச் சேர அர்த்தமும் பாதி பிடிபட்டுவிடும். காணொளிப் படைப்பாக இருந்தால் எத்தனை நிமிடம் என்று வாசலிலேயே பாருங்கள். சில நேரம் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டும். நடுவில் நுழைவதும் எழுந்து போவதும் அங்கே தவறில்லை. இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் ஆனதும் வெளியே வந்துவிடுங்கள். இன்னும் பார்க்கலாம் என்று தோன்றும்போதே வருவது நல்லது. அந்த மிச்ச ஆசைதான் அடுத்த வாரம் மறுபடி கூட்டிக்கொண்டு வரும்.

மேடை நிகழ்ச்சி: டிக்கெட்டும் இருக்கையும்

ஓவியம் காத்திருக்கும், கச்சேரி காத்திருக்காது. அதனால் இங்கே முன்கூட்டியே கொஞ்சம் ஏற்பாடு தேவை. ஆனால் செலவு என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. பெரிய அரங்கங்கள் பலவற்றில் மலிவான இடங்கள் என்று ஒரு பகுதி உண்டு. லண்டனில் 1895 முதல் நடந்துவரும் பிராம்ஸ் இசை விழாவில் நின்று கேட்பதற்கான டிக்கெட்டை அன்றன்றே விற்கிறார்கள். ஓபரா என்ற இசை நாடகம் நடக்கும் வியன்னா அரசு ஓபரா அரங்கிலும் நிற்கும் இடம் உண்டு. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் அன்றைய நாடகங்களில் மிச்சமிருக்கும் இருக்கைகளைத் தள்ளுபடியில் விற்கும் சாவடி 1973இலிருந்து இயங்குகிறது. கபுகி என்ற ஜப்பானிய மரபு நாடகம் நடக்கும் டோக்கியோவின் கபுகிஸா அரங்கில் முழு நிகழ்ச்சிக்கு வாங்காமல் ஒரே ஓர் அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கலாம். நான்கு மணி நேரம் தாங்குமா என்று தெரியாத புதியவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. உங்கள் நகரத்து அரங்கிலும் மாணவர் சலுகை, கடைசி நேரத் தள்ளுபடி, பொது ஒத்திகை என்று ஏதாவது இருக்கிறதா என்று டிக்கெட் கவுன்டரில் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இருக்கையைப் பொறுத்தவரை, விலை கூடினால் எல்லாம் கூடும் என்று நினைக்காதீர்கள். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நாடகத்துக்கு முகம் தெரிய வேண்டும், ஆகவே சின்ன அரங்கம், முன்பகுதி. நடனத்துக்குக் கொஞ்சம் உயரமான இடம் நல்லது. குழுவாக ஆடும்போது மேடையில் விழும் கோலம் மேலிருந்துதான் புரியும். முதல் வரிசையில் மேடை விளிம்பு பாதத்தையே மறைத்துவிடக்கூடும். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மேல் பால்கனியின் மலிவான இருக்கையிலும் ஒலி நன்றாகக் கலந்து வரும். முதல் வரிசையில் பக்கத்திலிருக்கும் வயலின்கள்தான் ஓங்கிக் கேட்கும். 'பார்வை மறையும் இடம்' என்று குறிப்பிட்டு விலை குறைத்த இருக்கை இசைக்குப் பரவாயில்லை, நடனத்துக்கு வேண்டவே வேண்டாம்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், சின்ன இடத்தில் நடக்கும் எதையும் சொல்வேன். உதாரணமாக நான்கு பேர் வாசிக்கும் நரம்பிசைக் கச்சேரி. முன்னால் நின்று கையசைக்கும் நடத்துநர் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து வில்லை இலேசாக உயர்த்துவார், மற்ற மூவரும் அந்த மூச்சிலேயே சேர்ந்துகொள்வார்கள். நான்காம் வரிசையில் உட்கார்ந்தால் அந்த மூச்சு உங்களுக்கும் கேட்கும். ஒலிப்பதிவில் பல நேரம் இது காதில் விழாது.

அரங்கத்துக்குள்

இருபது நிமிடம் முன்பே போய்விடுங்கள். தாமதமாக வருபவர்களைப் பல அரங்குகளில் ஒரு பகுதி முடிந்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். நிகழ்ச்சி விவரம் அச்சிட்ட சிற்றேட்டில் எத்தனை பகுதி, இடைவேளை உண்டா, எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டால் மனம் அமைதியாகிவிடும். கதை உள்ள நிகழ்ச்சியென்றால் கதைச் சுருக்கத்தை முன்பே படியுங்கள். ஓபராவிலோ பழைய நாடகத்திலோ அடுத்து என்ன என்ற மர்மம் முக்கியமில்லை, அந்த இடத்தை எப்படிப் பாடுகிறார் என்பதுதான். மொழி தெரியாத ஓபராவுக்குப் போகத் தயங்க வேண்டாம். 1983இல் டொரன்டோவில் தொடங்கிய வழக்கத்தால் இன்று பெரும்பாலான ஓபரா அரங்குகளில் மேடைக்கு மேலேயோ முன் இருக்கையின் முதுகிலோ மொழிபெயர்ப்பு ஓடும். சில கலைகளில் நிறமே பேசும். சீன ஓபராவில் சிவப்பு முகம் விசுவாசி, வெள்ளை முகம் சூழ்ச்சிக்காரர். கதகளியில் பச்சை முகம் உயர்ந்த குணமுள்ள நாயகர். இந்த அளவு தெரிந்தாலே யார் பக்கம் கண்ணை வைப்பது என்று பிடிபடும்.

ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கும் முன் ஓபோ என்ற குழல் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும், எல்லோரும் அதற்குச் சுருதி சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திக் கவனியுங்கள். உங்கள் காதும் அப்போதுதான் அரங்கத்துக்குப் பழகும்.

கைதட்டுவது எப்போது என்பதுதான் புதியவர்களின் பெரிய கவலை. கலைக்குக் கலை இது மாறும். ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்ததும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டலாம். கர்நாடக இசையில் ஆலாபனை முடிந்ததும், தனி ஆவர்த்தனம் முடிந்ததும் தட்டுவார்கள். மேற்கத்திய சிம்பொனியில் பகுதிகளுக்கு நடுவே தட்டாமல், எல்லாம் முடிந்து நடத்துநர் கையை இறக்கிய பிறகு தட்டுவது இன்றைய வழக்கம். இதுவும் ஆதியிலிருந்து வந்த விதியில்லை. பேத்தோவனின் ஏழாவது சிம்பொனி 1813இல் வியன்னாவில் அரங்கேறியபோது, இரண்டாம் பகுதியை அங்கேயே மறுபடி வாசிக்க வைத்தார்கள் ரசிகர்கள். ஆகவே தவறான இடத்தில் தட்டிவிட்டாலும் குறுகிப்போக வேண்டாம். சந்தேகமாக இருந்தால் மற்றவர்கள் தட்டிய பிறகு சேர்ந்துகொள்ளுங்கள்.

நாடகத்தில் பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருப்பவரைப் பாருங்கள். நல்ல நடிகர் பேசாத நேரத்திலும் வேலை செய்துகொண்டேயிருப்பார். திரைப்படத்தில் கேமரா நமக்காகத் தேர்ந்தெடுத்துவிடும், இங்கே தேர்வு நம்முடையது.

ஒலிபெருக்கி வைத்த கச்சேரியென்றால் காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். ராக் கச்சேரிகள் அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். இசைக்காகச் செய்த காதடைப்பான் ஒலியைக் குறைக்குமே தவிர மங்கலாக்காது.

கைபேசியை அணைத்துவிடுங்கள், அதிர்வில் வைப்பது போதாது. இருட்டில் ஒரு திரை ஒளிர்ந்தால் பின்னால் இருக்கும் பத்துப் பேரின் கவனம் போகும், மேடையில் இருப்பவருக்கும் அது தெரியும். பிடிக்கவேயில்லை என்றால் இடைவேளையில் கிளம்பலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுபடியும் போவது

அன்றிரவே ஒரு சின்ன நோட்டில் தேதி, இடம், நினைவில் நின்ற ஒரே ஒரு விஷயம், இந்த மூன்றையும் எழுதிவையுங்கள். 'அருமை' என்று எழுதாதீர்கள். 'இரண்டாம் அங்கத்தில் அம்மா பாத்திரம் கடிதத்தைப் படிக்காமலே மடித்தாள்' என்று எழுதுங்கள். கண்காட்சியில் பென்சிலால் கிறுக்கிப் பார்ப்பதைப் பல அருங்காட்சியகங்கள் அனுமதிக்கின்றன. வரையத் தெரியாவிட்டாலும் வரைந்து பாருங்கள். இரண்டு நிமிடம் வரைந்த பொருளை யாரும் எளிதில் மறப்பதில்லை.

ஒரே நாடகத்துக்கு இரண்டாம் முறை போவது வீண் என்று நினைப்பவர்கள் உண்டு. நெடுநாள் ஓடும் நாடகங்களில் நடிகர்கள் மாறுவார்கள். சில நாள் முக்கிய வேடத்துக்கு மாற்று நடிகர் வருவார், சிற்றேட்டில் ஒரு துண்டுத் தாள் செருகியிருக்கும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காமல் உட்காருங்கள். அதே வசனம் வேறொருவர் வாயில் எப்படி மாறுகிறது என்று கேட்கும்போதுதான் நடிப்பு என்றால் என்ன என்று கண்ணுக்குத் தெரியும்.

இரண்டு மூன்று மாதம் போய்வந்த பிறகு, அடிக்கடி போகும் ஓர் இடத்தில் ஆண்டு உறுப்பினராகச் சேரலாமா என்று கணக்குப் போடுங்கள். டிக்கெட் மிச்சத்தை விட வேறொரு பலன் அதில் உண்டு. காசு கொடுத்தாயிற்றே என்று மூன்று மணி நேரம் இழுத்துப் பிடிக்கத் தோன்றாது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரே ஓர் அறையைப் பார்த்துவிட்டுப் போகலாம். துணைக்கு யாரையாவது அழைத்தால் உள்ளே நுழைந்ததும் பிரிந்து தனித்தனியாகப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்துச் சந்தித்து, ஒருவருக்குப் பிடித்ததை மற்றவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். குழந்தைகளோடு போனால் நேரத்தைப் பாதியாக்குங்கள், எதைப் பார்ப்பது என்பதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.